திரும்பும் வழிக்கு ஒரு மூட்டை

"அம்மா, அந்த இடத்துக்கு இதுவரைக்கும் யாருமே போனதில்லையா?"

ஓடெட் இதைக் கேட்டபோது கொரீன் அடுப்படியில் பிளாய் என்கிற மெல்லிய தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். பக்வீட் என்கிற தானிய மாவில் தண்ணீர் கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் கல்லில் கண் விழாது. கண் விழாத பிளாயை அவள் கணவன் லூசியன் தொடமாட்டான். அதனால் கவனமெல்லாம் கரண்டியில் இருந்தது. மகள் நீட்டிய பக்கத்தை ஈரக் கையோடு எட்டிப் பார்த்தாள். பூமி உருண்டையின் அடிவயிற்றில், வரைபடம் போட்டவர் ஒன்றும் எழுதாமல் வெள்ளையாக விட்டிருந்த ஓர் இடம். அதன் கீழே இரண்டு வரிகள்.

"ஆமாடா கண்ணு. யாரும் போனதில்லைன்னுதான் போட்டிருக்கு."

ஒன்பது வயது ஓடெட் அந்த வெள்ளையின் மேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

"அ... அப்ப நான் போறேன்" என்றாள்.

கொரீன் சிரித்து, போ, போகுமுன் தட்டுகளை எடுத்து வை என்றாள். மாவு கல்லில் விழுந்தது, கண் விழுந்தது, அந்தப் பேச்சு அவள் மனதை விட்டுப் போய்விட்டது. ஓடெட்டின் மனதை விட்டுப் போகவில்லை.

ஓடெட் பேசத் தொடங்கியது மூன்று வயதில். திக்கத் தொடங்கியதும் அப்போதுதான். வீட்டில் அது யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை. பள்ளிக்குப் போன பிறகு தெரிந்தது. பேருந்தின் பின் இருக்கையில் இரண்டு பேர் அவளைப் போலவே பேசிக் காட்டினார்கள். மற்றவர்கள் சிரித்தார்கள். பிள்ளைகள் கெட்டவர்கள் இல்லை. போகவரப் பேருந்தில் உட்கார்ந்திருக்கும் நேரம் நீளம், வேறு வேடிக்கை கிடையாது. இரண்டாம் வகுப்பு முடிவதற்குள் ஓடெட் பேசுவதையே நிறுத்திவிட்டாள். பள்ளியில் மட்டும் இல்லை, பலசரக்குக் கடையில், கோயிலில், கடைசியில் சாப்பாட்டு மேசையிலும்.

பிள்ளையை வீட்டிலேயே வைத்துப் படிக்க வைக்கிறேன் என்று கொரீன் சொன்னபோது லூசியன் ஒத்துக்கொள்ளவில்லை. அவன் உருளைக்கிழங்குக் கிடங்கில் வேலை பார்ப்பவன். அவனுக்குத் தெரிந்தவரை காற்றும் வெளிச்சமும் படாமல் மூடி வைக்க வேண்டியது கிழங்குதான், பிள்ளை இல்லை. கடைசியில் ஒரு வருடம் என்று ஒத்துக்கொண்டான். எங்கள் மாநிலத்தில் வீட்டில் படிக்கும் பிள்ளையின் வருட வேலையை ஓர் ஆசிரியர் பார்த்து, முன்னேற்றம் இருக்கிறது என்று கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஆசிரியர் வரும் நாளில் ஓடெட் வாயைத் திறந்து பேசினால் மேலே பார்க்கலாம், இல்லையென்றால் செப்டம்பரில் பேருந்து ஏற வேண்டியதுதான் என்றான். அதைக் கடுமையாகச் சொல்லவில்லை. மகள் தன்னை "அப்பா" என்று கூப்பிட்டுப் பல மாதம் ஆகியிருந்தது. அவனும் பயந்து போயிருந்தான்.

ஒரு வருடப் பாடம் முழுவதும் அடங்கிய பாடப் பெட்டி ஒன்றை விலைக்கு வாங்கிவிடுகிற குடும்பங்கள் உண்டு. கொரீன் வீட்டில் அதற்கு வழியில்லை. எங்கள் பக்கத்தில் அப்படி வழியில்லாதவர்கள் எல்லாரும் செய்வதை அவளும் செய்தாள். எழுதினவர் போய்ச் சேர்ந்து, உரிமை கேட்க ஆளும் இல்லாமல், காலம் கடந்து ஊருக்கே பொதுவாகிப்போன பழைய புத்தகங்கள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. நல்ல தாள் மணத்தோடு ஒரு காலத்தில் பணக்கார வீட்டு அலமாரிகளில் இருந்த புத்தகங்கள். இப்போது யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், அச்சடிக்கலாம், தைத்துக்கொள்ளலாம்.

பங்குக் கோயில் அலுவலகத்தில் இருந்த அச்சு இயந்திரத்தை உபயோகிக்கப் பாதிரியார் அனுமதி கொடுத்திருந்தார். தாள் மட்டும் அவரவர் கொண்டுவர வேண்டும். கொரீன் மிச்சப்பட்ட பழைய ஞாயிறு அறிவிப்புத் தாள்களின் பின்பக்கத்தில் அச்சடித்தாள். அதனால் ஓடெட்டின் பூகோளப் புத்தகத்தில் எரிமலைக்குப் பின்னால் ஞானஸ்நான அறிவிப்பும், பனிக்கரடிக்குப் பின்னால் பீன்ஸ் விருந்து அறிவிப்பும் இருந்தன. கிழங்கு மூட்டை தைக்கிற நூலால் கொரீன் அதைத் தைத்தாள்.

இப்படிப் புத்தகம் எடுக்கும் தாய்மார்கள் முதல் பக்கத்தில் வருடத்தைப் பார்ப்பார்கள். பழைய வருடமா, அப்படியானால் இலவசம், யாரும் வந்து கேட்க மாட்டார்கள். அதற்காக மட்டும்தான் பார்ப்பார்கள். கொரீனும் பார்த்தாள். நூறு வருடத்துக்கு முந்தியது என்று கண்டு நிம்மதியானாள். அந்த வருடத்துக்கு வேறு ஏதாவது அர்த்தம் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

அந்தப் புத்தகத்தை யாரோ ஒருத்தி உரக்கப் படித்து, ஒலியாகப் பதிந்து, அதையும் இலவசமாக இணையத்தில் போட்டிருந்தாள். இப்படிப் படித்துப் போடுகிறவர்களுக்குக் கூலி கிடையாது. பெரும்பாலானவர்கள் பெயரும் போடுவதில்லை. ஓடெட் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கையில் தைத்த தாள்களோடு, அந்தக் குரலின் கூடவே விரலை ஓட்டுவாள். நடுத்தர வயதுப் பெண் குரல். கொஞ்சம் கரகரப்பு. நடுவில் ஒரு நாய் குரைத்தது, ஒரு கதவு மூடியது. பெரிய சொற்கள் வரும்போது அந்தம்மாள் தடுக்கினாள். நின்று, மூச்சு வாங்கி, அதே வரியை மறுபடி தொடங்கினாள். மற்றவர்களாக இருந்தால் அந்த இடங்களை வெட்டி எறிந்திருப்பார்கள். அவள் வெட்டவில்லை.

துருவப் பாடத்துக்கு வருவதற்கு வெகு முன்பே ஒரு நாள் ஓடெட் ஹெட்போனைக் கழற்றிக்கொண்டு அடுப்படிக்கு ஓடிவந்தாள்.

"அம்மா, இ... இவங்களும் தடுக்குறாங்க. தடுக்கிட்டுத் தி... திரும்பப் படிக்கிறாங்க."

பல மாதங்களுக்குப் பிறகு அவள் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான். கொரீன் பாத்திரத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். அன்றிலிருந்து ஓடெட் அந்தக் குரலோடு சேர்ந்து வாய்விட்டுப் படித்தாள். அந்தம்மாள் தடுக்கும் இடத்தில் இவள் தடுக்கவில்லை, இவள் தடுக்கும் இடத்தில் அந்தம்மாள் தடுக்கவில்லை. இருவருமாக ஒருவரை ஒருவர் தாங்கிக்கொண்டு பக்கம் பக்கமாகப் போனார்கள்.

துருவங்களைப் பற்றிய பாடத்தோடு அந்தக் குரல் நின்றுபோயிருந்தது. புத்தகத்தில் கடைசிப் பாடம், கடல் ஏற்ற இறக்கத்தைப் பற்றியது, மிச்சமிருந்தது. இணையப் பட்டியலில் அதற்கு நேராக, இன்னும் யாரும் படிக்கவில்லை என்று போட்டிருந்தது. அவங்களுக்கு என்ன ஆச்சு, மீதியை யார் படிப்பாங்க என்று ஓடெட் கேட்டாள். தெரியவில்லை என்றாள் கொரீன். அந்தப் பெண்ணுக்கு ஒரு நன்றி எழுதலாம் என்று தேடினாள். பெயரும் இல்லை, முகவரியும் இல்லை. அவளுக்காக ஜெபமாலையில் ஒரு மணி ஒதுக்கி வைத்தாள். வேறு எப்படிக் கடன் தீர்ப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அந்தக் குளிர்காலம் முழுவதும் வீட்டில் தென் துருவப் பேச்சுதான். தான்தான் முதல் ஆள் என்பதில் ஓடெட்டுக்குச் சந்தேகமில்லை. பழைய உருளைக்கிழங்குப் பீப்பாயின் பலகைகளைச் செதுக்கி லூசியன் ஒரு சறுக்கு வண்டி செய்து கொடுத்தான். அவள் அதில் கிழங்கு மூட்டைகளை ஏற்றி, ஆற்றங்கரை வரை வயலில் இழுத்துப் போய்ப் பழகினாள். கிழட்டு நாய் பிஜூவை வண்டி இழுக்க வார் கட்டிப் பூட்டினாள். அது வண்டி மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. இரவுச் சாப்பாட்டில் லூசியன் கேட்பான், "என்ன தளபதி, இன்னைக்கு எதுவரைக்கும் போனீங்க?" அவள் சொல்வாள். திக்கித் திக்கி, ஆனால் நிறுத்தாமல் சொல்வாள். அவன் சூப்பு ஆறிப்போவது தெரியாமல் கேட்டுக்கொண்டிருப்பான்.

தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மதியம், கோயிலின் கீழ்த்தளக் கூடத்தில், வீட்டில் படிக்கும் பிள்ளைகள் எல்லாரும் தாங்கள் படித்ததில் ஒன்றைப் பற்றிப் பேசிக் காட்டுவதாக ஏற்பாடு. கையெழுத்துப் போடும் ஆசிரியை மிஸஸ் பெல்க்கியும் வருவாள். ஓடெட் தானாகவே கை தூக்கினாள். நான் துருவத்தைப் பற்றிப் பேசறேன் என்றாள்.

அந்த வாரம் திங்கள்கிழமை கொரீன் கோயில் அலுவலகத்தில் ஓடெட்டின் வருட வேலைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நான்கு பிள்ளைகளை வீட்டில் வைத்துப் படிப்பிக்கும் ஜோலின் பக்கத்தில் அச்சு இயந்திரத்துக்குத் தன் முறை வரக் காத்திருந்தாள். பூகோளப் புத்தகத்தை எடுத்துப் புரட்டியவள் முதல் பக்கத்தைப் பார்த்தாள், பிறகு துருவப் பாடத்தைப் பார்த்தாள்.

"ஏண்டி கொரீன், உன் பொண்ணு வெள்ளிக்கிழமை இதையா பேசப் போறா? யாரும் போனதில்லைன்னு?"

"ஆமா. ஏன்?"

"இந்தப் புத்தகம் வந்து மூணு நாலு வருஷத்துலயே ஆள் போயாச்சுடி. இப்ப அங்க கட்டடமே இருக்கு. என் பையன் கேலப் அதைப் பத்தி படம் பார்த்தான்."

ஜோலின் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கொரீனின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு, எனக்கும் இதுபோல ஆகியிருக்கு, என் மூத்தவன் இல்லாத நாட்டுக்கெல்லாம் தலைநகரம் மனப்பாடம் பண்ணினான் என்று சொல்லிப் பார்த்தாள். கொரீன் காதில் அது விழவில்லை. தனக்கும் இது தெரியும் என்பதுதான் அவளை உலுக்கியது. எங்கேயோ எப்போதோ கேட்டது, செய்தியில் பார்த்தது. கரண்டியைக் கொஞ்சம் கீழே வைத்துவிட்டு யோசித்திருந்தால் ஞாபகம் வந்திருக்கும். பள்ளியில் இருந்திருந்தால் பிள்ளைக்குப் புதிய வரைபடம் கிடைத்திருக்கும்.

வேனை ஓட்டி வரும் வழியெல்லாம் அவள் மனம் இரண்டு பக்கமும் இழுத்தது. இப்போது சொன்னால் பிள்ளை உடைந்துபோய் வெள்ளிக்கிழமை வாய் திறக்கமாட்டாள். சொல்லாவிட்டால் கூடம் நிறைய பிள்ளைகள் சிரிப்பார்கள். அந்தப் பேருந்தின் பின் இருக்கை இங்கேயும் வந்துவிடும். இன்னொன்றும் இருந்தது. அவள் பொய் சொல்லாதவள். பெரிய புண்ணியவதி என்பதால் இல்லை. பொய்யைக் கட்டிக் காப்பாற்றும் சாமர்த்தியம் அவளுக்கு இல்லை.

ஓடெட் வயலில் வண்டி இழுத்துக்கொண்டிருந்தாள். கொரீன் முழங்கால் பனியில் நடந்து அவளிடம் போனாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள். அங்கே போயிருக்கிறார்கள், வெகு காலத்துக்கு முன்பே போய்விட்டார்கள்.

ஓடெட் கயிற்றைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

"எ... எப்ப?"

"நூறு வருஷத்துக்கும் மேல ஆச்சுடா."

"அப்ப அந்தம்மா பொய் சொன்னாங்களா?"

"இல்லம்மா. அவங்க புத்தகத்துல இருந்ததைப் படிச்சாங்க. எழுதினவர் எழுதுறப்ப அது உண்மை."

"நீயும் சொன்ன."

"சொன்னேன். பார்க்காம சொன்னேன். பார்த்திருக்கணும்."

ஓடெட் கயிற்றைப் பனியில் போட்டுவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். பிஜூ வண்டியிலிருந்து இறங்குவதா வேண்டாமா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தது.

உள்ளே போய் ஹெட்போனைச் சுவர் ஆணியில் மாட்டினாள். மேசையில் உட்கார்ந்தாள். கணக்குப் போட்டாள், எழுதச் சொன்னதை எழுதினாள். கேட்டதற்குத் தலையை ஆட்டினாள். அவ்வளவுதான். இரவு லூசியன் வழக்கம்போல, "என்ன தளபதி, இன்னைக்கு எதுவரைக்கும்?" என்றான். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் மனைவியைப் பார்த்தான். பிள்ளை எழுந்து போன பிறகு கொரீன் நடந்ததைச் சொன்னாள்.

"ஆள் போயிருக்குன்னு எனக்குத் தெரியுமே. வெளையாட்டுக்குச் சொல்றான்னு நெனச்சேன்" என்றான் லூசியன். முகத்தைக் கையால் தேய்த்துக்கொண்டான். "வண்டி வேற செஞ்சு கொடுத்தேன்."

பிறகு மெதுவாக, "வெள்ளிக்கிழமை அந்த டீச்சர் முன்னாடி இப்படியே நின்னான்னா நான் சொன்னது சொன்னதுதான் கொரீன். உன்னை நோகடிக்கச் சொல்லல. நம்மால முடியலைன்னு அர்த்தம்" என்றான்.

செவ்வாயும் புதனும் அப்படியே போயின. கொரீன் பாத்திரம் கழுவும்போது ஜெபம் சொல்லும் வழக்கமுள்ளவள். பிள்ளையைப் பேச வை என்று கேட்க வாய் வரவில்லை. அதைக் கேட்கத் தனக்கு உரிமையில்லை என்று தோன்றியது. இனிமேல் எனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற புத்தியைக் கொடு என்று மட்டும் கேட்டாள். சின்ன வேண்டுதல்தான். சின்ன வேண்டுதல்களையும் கேட்கிறவர் ஒருவர் இருக்கிறார் என்று நம்புகிறவர்களில் நானும் ஒருவன்.

வியாழக்கிழமை காலை அவள் மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். பின்னால் யாரோ நிற்பதுபோல் இருந்தது. திரும்பினால் ஓடெட்.

"போனாங்கல்ல," என்றாள். "அவங்க தி... தி... திரும்பி வீட்டுக்கு வந்தாங்களா?"

மகளின் குரல் கேட்ட சந்தோஷத்தில் கொரீனுக்கு ஆமாம் என்று சொல்லிவிடத்தான் தோன்றியது. நல்லபடியாக வந்து சேர்ந்தார்கள் என்று சொன்னால் அந்த முகம் மலரும். சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எனக்குத் தெரியலடா. கைய கழுவிட்டு வர்றேன். போய்ப் பார்ப்போம்."

அன்று வீட்டில் பிளாய் இல்லை. லூசியன் ரொட்டியைத் தின்றுவிட்டு வேலைக்குப் போனான். தாயும் மகளும் ஊர் நூலகத்துக் கணினி முன் ஒரே நாற்காலியில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். துருவத்துக்குப் போனவர்கள் தாங்களே எழுதி வைத்ததும் இப்போது ஊருக்குப் பொதுவாகிக் கிடந்தது. கொரீன் பாடத்தைத் தேடிப் பக்கத்தைத் தள்ளப் போனாள். ஓடெட் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"மு... முதல்ல வருஷம்."

வருடத்தைப் பார்த்தார்கள். பிறகு படித்தார்கள். இரண்டு கூட்டம் போயிருந்தது, ஒன்றுக்குப் பின் ஒன்றாக. போகும் வழியிலேயே, திரும்பும்போது வேண்டும் என்று, உணவு மூட்டைகளைப் பனியில் புதைத்து மேலே கொடி நட்டுக்கொண்டு போனார்கள். முதலில் போய்ச் சேர்ந்தவர்கள், பின்னால் வருகிறவர்களுக்கு உதவுமே என்று கூடாரத்தில் கொஞ்சம் பொருட்களை விட்டுவிட்டு வந்தார்கள், கையுறைகள் உட்பட. அவர்கள் எல்லாரும் வீடு திரும்பினார்கள். இரண்டாவது கூட்டத்தில் துருவம் வரை போனவர்கள் யாரும் திரும்பவில்லை. கடைசியில் மிஞ்சியவர்கள், தாங்கள் வைத்துவிட்டுப் போன பெரிய மூட்டைக்கு ஒரு நாள் நடை தூரத்தில், புயலில் கூடாரத்துக்குள்ளேயே படுத்துவிட்டார்கள்.

கொரீன் அந்த இடத்தில் நிறுத்திவிட்டாள். ஓடெட் நிறுத்தவில்லை. உதட்டை அசைத்து மீதியையும் படித்தாள். தடுக்கிய இடத்தில் நின்று மறுபடி தொடங்கினாள். கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"இன்னும் கொஞ்சம் கி... கிட்ட வெச்சிருக்கலாம்" என்றாள்.

மதியம் வீடு திரும்பியதும், பனியில் கிடந்த வண்டியைத் தானே போய் இழுத்து வந்தாள்.

வெள்ளிக்கிழமை கூடத்தில் மீன் சூப்பு வாசனை நிறைந்திருந்தது. பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து பேசினார்கள். ஓடெட் முறை வந்தபோது லூசியன் ஒரு மணி நேர அனுமதி வாங்கிக்கொண்டு வந்து கதவோரம் நின்றான், தொப்பியைக் கழற்றாமல். அவனே வண்டியைத் தூக்கி வந்து தரையில் வைத்தான். அதன் மேல் சின்னச் சின்னக் கிழங்கு மூட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்புத் துணிக் கொடி.

ஓடெட் வண்டிக்குப் பக்கத்தில் நின்றாள். பேசவில்லை. கொரீன் மடியில் கைகளைக் கோத்துக்கொண்டாள்.

ஜோலினின் மகன் கேலப் முதல் வரிசையில் இருந்தான். பிள்ளைக்கு அடக்கமுடியவில்லை.

"அங்க இப்ப ஆளுங்க குடியிருக்காங்க தெரியுமா? உள்ளேயே பேஸ்கட்பால் ஆடுறாங்க."

இரண்டு பேர் சிரித்தார்கள். ஜோலின் மகனின் தோளை அழுத்தினாள்.

"தெரியும்" என்றாள் ஓடெட். "எனக்கு இ... இந்த வாரம்தான் தெரியும். என் புத்தகம் பழசு. அதுல யாரும் போகலைன்னு இருந்துச்சு. நான் மு... முதல்ல போகலாம்னு நெனச்சேன். இப்ப அது முடியாது."

"அப்ப இந்த மூட்டையெல்லாம் எதுக்கு?" என்றான் கேலப். அவன் கேட்டது கேலியாக இல்லை.

"இது எனக்கு இல்ல. இது தி... தி..."

சொல் மாட்டிக்கொண்டது. அவள் கண்ணை மூடினாள். கூடம் அமைதியானது. அந்த அமைதியின் பாரம் திக்குகிறவர்களுக்குத்தான் தெரியும். யாரோ ஒருத்தி இரக்கத்தில் அந்தச் சொல்லை எடுத்துக் கொடுத்துவிடப் பார்த்தாள். அதற்குள் மிஸஸ் பெல்க்கி தன் கைப்பையைத் திறந்து இருமல் மிட்டாய் தேடத் தொடங்கினாள். தாள் சரசரத்தது, சாவிக் கொத்து கிலுங்கியது. ஒரு மிட்டாயை எடுத்து, அவசரமே இல்லாமல் உறையைப் பிரித்தாள். எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். ஓடெட்டை யாரும் பார்க்கவில்லை. அவள் மூச்சை வாங்கிக்கொண்டு வரியை மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.

"இது எனக்கு இல்ல. இது திரும்பி வர்றவங்களுக்கு. போறப்ப எல்லாருக்கும் தெம்பு இருக்கும். வர்றப்பதான் ஒண்ணும் இருக்காது. அதனால கி... கிட்டக் கிட்ட வைக்கணும். புயல்ல கண்ணு தெரியாதில்ல, அதான் கொடி."

பிறகு, போனவர்கள் திரும்பி வந்தார்களா என்று தான் அம்மாவிடம் கேட்டதையும் அந்த இரண்டு கூட்டங்களைப் பற்றியும் சொன்னாள். கையுறை விட்டுவிட்டு வந்தவர்களைப் பற்றிச் சொன்னாள். முடிக்கும்போது கேலப் எழுந்து நின்று ஒரு மூட்டையைத் தூக்கிப் பார்த்தான், நிஜமாகவே கிழங்கா என்று. நிஜமாகவே கிழங்கு.

எல்லாரும் சூப்புக்கு வரிசையில் நின்றபோது மிஸஸ் பெல்க்கி ஓடெட்டின் வேலைகளை மேசையில் வைத்துப் புரட்டினாள். பனிக்கரடியைத் திருப்பிப் பார்த்தாள்.

"இந்தப் பீன்ஸ் விருந்துக்கு நான் வந்திருந்தேன். உப்பு கம்மி" என்றாள். கையெழுத்துப் போட்டாள். எழுந்திருக்காமல் கொரீனைப் பார்த்தாள். "வருஷத்தைச் சரியாப் பார்க்காம புத்தகம் எடுத்துட்டீங்க."

"ஆமா டீச்சர்."

"பள்ளிக்கூடத்துல நானும் புதுப் புத்தகம் வெச்சுக்கிட்டுத் தப்புத் தப்பா சொல்லிக் கொடுத்திருக்கேன். போனவங்க திரும்பி வந்தாங்களான்னு ஒரு பிள்ளையும் என்னைக் கேட்டதில்ல." மூடியைப் பேனாவில் மாட்டினாள். "போய் சூப்பு குடிங்க. ஆறுது."

லூசியன் செப்டம்பர் பேருந்துப் பேச்சையே எடுக்கவில்லை. வண்டியைத் தூக்கிக்கொண்டு வேனுக்குப் போகும்போது அதன் அடிக்கட்டையைத் தடவிப் பார்த்தான். இது தேய்ந்துபோச்சு, அடுத்த குளிர்காலத்துக்கு இரும்புப் பட்டை அடிக்கணும் என்றான். கொரீனுக்கு அது போதுமாயிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஓடெட் ஆணியிலிருந்து ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டாள். அந்தக் கரகரத்த குரலோடு மறுபடி சேர்ந்துகொண்டாள்.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் ஓடெட் கோயிலில் மறைக்கல்வி வகுப்பில் இருந்தாள். கொரீன் வேனைக் கோயிலின் பின்புறம், குவித்த பனிக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். எஞ்சினை அணைத்தாள். வெளிச் சத்தம் உள்ளே வராமல் கம்பளிகளைக் கண்ணாடிகளின் உள்பக்கம் தொங்கவிட்டாள். நூலகத்தில் இரவல் வாங்கிய சின்ன ஒலிவாங்கியைக் கைப்பேசியில் மாட்டி, தைத்த தாள்களை மடியில் விரித்தாள். கடல் ஏற்ற இறக்கம். இன்னும் யாரும் படிக்காத கடைசிப் பாடம்.

பள்ளியில் உரக்கப் படிக்கச் சொன்னால் அவள் தலையைக் குனிந்துகொள்ளும் பெண்ணாக இருந்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, முதலில் அந்தப் புத்தகம் வெளிவந்த வருடத்தைச் சொன்னாள். ஒரு முறை சொல்லி, கேட்கிறவர் நெஞ்சில் நிற்கும்படி இன்னொரு முறையும் சொன்னாள். பிறகு படித்தாள்.

கோயில் கூரையிலிருந்து பனி சரிந்து விழுந்த சத்தம் நடுவில் பதிந்தது. நிலவு கடலை இழுப்பதைப் பற்றிய நீண்ட வாக்கியத்தில் நாக்கு புரண்டது. நின்றாள், மூச்சு வாங்கினாள், வரியை மறுபடி தொடங்கி முடித்தாள்.

முடிந்ததும் போட்டுக் கேட்டாள். தடுக்கிய இடம் வந்தது. அதை வெட்டுவது எளிது. விரலால் இரண்டு தொடுதல். விரல் அந்த இடம்வரை போயிற்று. அவள் விரலை எடுத்துவிட்டாள். பெயர் கேட்ட இடத்தை வெறுமையாக விட்டு, அந்தம்மாளின் குரல் கிடந்த அதே இணையதளத்துக்கு அப்படியே அனுப்பினாள்.

பிறகு கம்பளிகளை மடித்து வைத்துவிட்டு, மகள் வருவதற்குள் வேன் சூடாகட்டும் என்று எஞ்சினைக் கிளப்பினாள்.